தனபாலின் பீன்ஸ் வைத்தியம்

கணபதி ஏரியாவில் லேத் பட்டறை வைத்திருக்கும் தனபாலுக்குச் சர்க்கரை வியாதி வந்தது பெரிய விஷயமில்லை. அது வந்ததை மனைவி மோகனப்பிரியா தெரிந்துகொண்டதுதான் வினையாகப் போயிற்று. டாக்டர் எழுதியது ஒரே ஒரு மாத்திரை. பத்தியத்தை மோகனப்பிரியா தன் பங்குக்குச் சேர்த்தாள். வீட்டிலிருந்த மைசூர்பாக்கு வேலைக்காரம்மாவுக்குப் போயிற்று. தேங்காய் பன் வாசற்படி தாண்டக் கூடாது என்றாயிற்று. காலையில் பாகற்காய்ச் சாறு. மத்தியானம் பாகற்காய்ப் பொரியல். ராத்திரி பாகற்காயைப் பற்றிய அறிவுரை.

இந்தக் கசப்புக் காலத்தில்தான், ஆபீஸ் வேலையாகச் சிங்கப்பூர் போய் வந்த மகள் அக்ஷயா ஒரு பெரிய பாட்டில் நிறைய ஜெல்லி பீன்ஸைக் கொண்டுவந்து வைத்துவிட்டு பெங்களூருக்கு ரயிலேறினாள். அவரைக்கொட்டை மாதிரி வடிவம். கலர் கலராகப் பளபளப்பு. மேலே மொறுமொறு ஓடு, உள்ளே கொழகொழவென்று பாகு. தனபால் ஆரஞ்சில் ஒன்றை வாயில் போட்டார். இருபது வருஷத்துப் பட்டறைச் சத்தம் காதிலிருந்து இறங்கிப் போன மாதிரி இருந்தது. இந்தப் பாட்டிலை விடுவதில்லை என்று அந்த இடத்திலேயே சங்கல்பம் செய்துகொண்டார்.

முதலில் சத்து வழியாகப் போனார்.

"பேரே பீன்ஸுங்கறான் அம்மணி. காய்கறி ஜாதி. கொழுப்புங்கறது துளி கெடையாது. டாக்டரே பீன்ஸு சாப்பிடச் சொன்னாரல்ல?"

மோகனப்பிரியா கண்ணாடியை மாட்டிக்கொண்டு பாட்டிலின் முதுகைப் படித்தாள். "சக்கரை, சோளப் பாகு, மாவு, மெழுகு, சாயம். வைட்டமினுக்கு நேரா சைபர் போட்டிருக்குதுங்க. நீங்க சொன்னாப்ல கொழுப்பு பாட்டில்ல இல்லீங்க. திங்கற ஆளுகிட்டத்தான் இருக்குது."

பாட்டில் சமையலறைக்குப் போயிற்று. அதற்கப்புறம் ஜெல்லி பீன்ஸுக்கு வாயைத் தவிர மற்ற எல்லா இடத்திலும் வேலை கிடைத்தது. பக்கத்து வீட்டு ரூபினாவின் பிள்ளைகளுக்குத் தாயக்கட்டத்தில் காய் ஆனது. அதுகளுக்கே கூட்டல் கணக்குச் சொல்லித்தர மணியானது. ஒரு வெள்ளிக்கிழமை ஹாலில் ஜெல்லி பீன்ஸ் மயில் ஒன்று தோகை விரித்துக் கோலமாக நின்றது. எறும்புகள் அதை மொய்த்துக் கொண்டாடின. எறும்புக்குள்ள சுதந்திரம்கூடத் தனக்கு இல்லையே என்று தனபால் ஓரமாக நடந்து போனார்.

ஆனாலும் மனசு அடங்கவில்லை. செல்போனைத் தடவித் தடவி ஒரு நாள் புதையலைக் கண்டார். மாத்திரை போடுகிறவர்களுக்குச் சில சமயம் சர்க்கரை திடுதிப்பென்று இறங்கிவிடுமாம். கை நடுங்கும், வேர்க்கும். உடனே இனிப்புக் கொடுக்க வேண்டுமாம். ஜெல்லி பீன்ஸும் கொடுக்கலாமாம். படித்ததை மனைவிக்கு வாசித்துக் காட்டினார். அன்று சாயங்காலமே அவருக்குச் சர்க்கரை இறங்கியது.

சோபாவில் சாய்ந்து நடுங்கினார். பட்டறையில் போல்ட் கழன்ற பழைய லேத் எப்படி அதிருமோ அப்படி அதிர்ந்தார். மோகனப்பிரியா விரலில் குத்திப் பார்க்கும் மெஷினைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள். அதற்கெல்லாம் நேரமில்லை, பீன்ஸ், பீன்ஸ் என்று முனகினார். கைநிறையக் கொண்டுவந்து வாயில் போட்டாள். முதல் பீன்ஸைக் கடித்ததுமே, சுவிட்சை அணைத்த மாதிரி நடுக்கம் நின்றது.

அப்புறம் இறங்குவதற்குக் கேட்க வேண்டுமா? கரண்ட் போனால் இறங்கியது. பாகற்காய் வாசம் வந்தால் இறங்கியது. பெருந்துறையிலிருந்து மச்சினன் வருவதாகப் போன் வந்தால் ரொம்பவே இறங்கியது. மோகனப்பிரியா முகம் சுளிக்காமல் கொடுத்துக்கொண்டே இருந்தாள். பாட்டில் குறையாமலே இருப்பதைக் கவனித்த தனபால், மருதமலையானின் கருணை என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். வயிறு மட்டும் அவ்வப்போது கடமுடவென்றது. பழியைப் பாகற்காய் மேல் போட்டார்.

தாராபுரத்தில் அவருடைய நண்பர் நஞ்சுண்டன் மகளுக்குக் கல்யாணம் வந்தது. ஒறம்பரை, சொந்தபந்தங்களைக் கண்டால் மோகனப்பிரியா பேச உட்கார்ந்துவிடுவாள், அந்த நேரத்தில் முதல் பந்தியிலும் ரெண்டாம் பந்தியிலும் உட்கார்ந்துவிடுவது என்று தனபால் திட்டம் போட்டிருந்தார். புறப்படுகிற காலையிலும் வழக்கம்போல ஒரு நடுக்கம் நடுங்கி வைத்தார்.

"தூரப் பயணமுங்க. கொஞ்சம் சேத்தியே தின்னுக்குங்க" என்று மோகனப்பிரியா ஒரு டம்ளர் நிறையக் கொடுத்தாள். இப்படி ஒரு மனைவி யாருக்கு வாய்க்கும் என்று கண் கலங்கி, டம்ளரைக் காலி செய்தார்.

பட்டு வேட்டி கட்டிச் செருப்பில் கால் நுழைக்கும்போது வயிறு புரண்டது. பாத்ரூமுக்கு ஓடினார். வெளியே வந்தார். வந்த வேகத்தில் திரும்பப் போனார். வாசலில் டாக்ஸி ஹாரன் அடித்தது.

"ஏனுங்க, சக்கரை எறங்கிருச்சுங்களா?" கதவுக்கு வெளியே மோகனப்பிரியாவின் குரல்.

"சக்கரை இல்ல அம்மணி. மத்ததெல்லாம் எறங்குது. அந்தப் பீன்ஸுல என்னமோ கோளாறு."

"கோளாறெல்லாம் இல்லீங்க. அது சக்கரை போடாத பீன்ஸுங்க. அக்ஷயா வாங்கி அனுப்புனா. சாஸ்தி தின்னா வயிறு போகும்னு அந்தப் புதுப் பாட்டில்லயே போட்டிருக்குது."

தனபால் கதவை ஒரு விரற்கடை திறந்து எட்டிப் பார்த்தார். "எப்பருந்து?"

"ரெண்டாவது நடுக்கத்துல இருந்துங்க. மொத நாள் நெசம்னு நெனச்சு விடிய விடிய உங்க மூக்குல வெரல் வெச்சு மூச்சு வருதான்னு பாத்துட்டிருந்தேன். காலையில டாக்டருகிட்டப் போயிச் சொன்னா, முழுங்கறதுக்கு முன்னாடியே சரியாகற வியாதி எதும் இல்லைன்னுபோட்டாருங்க. அதான் மாத்தி வெச்சுப் பாத்தேன். சக்கரையே இல்லாத முட்டாயிலயும் உங்களுக்குச் சக்கரை ஏறுச்சு."

தனபாலுக்கு வயிற்றைவிட முகம் அதிகமாக எரிந்தது. மன்னிப்புக் கேட்டுவிடலாம் என்றுதான் வாயைத் திறந்தார். வாய் பழக்கதோஷத்தில் வேறு ஒன்றைக் கேட்டுவிட்டது.

"அப்ப அந்த நெசமான பீன்ஸு?"

"அதுங்களா? மயிலுக்குப் போட்டது போக, மிச்சத்தையெல்லாம் நானும் ரூபினாவும் சாயங்காலக் காப்பியோட தின்னு தீத்துப்போட்டமுங்க."