விடைத்தாளில் பிள்ளையார் சுழி

நான் சேவை செய்யப் போனது நல்ல மனசால் அல்ல. பேச ஆள் இல்லாததால். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு யாரும் மாலையோடு வந்துவிடக் கூடாது. (இதுவரை யாரும் வந்ததில்லை.)

செங்கல்பட்டில் பைப், குழாய்ச் சாமான் விற்கும் கடை என்னுடையது. காலை எட்டு மணியிலிருந்து கூட்டம்தான். ஆனால் நாள் முழுக்க நான் பேசுவது, "அரை இஞ்சா, முக்கால் இஞ்சா?" அவ்வளவே. கடையை மூடிவிட்டு மாடி அறைக்குப் போனால் அதுவும் இல்லை. கல்யாணம் ஆகவில்லை. பெண் பார்க்கப் போன மூன்று வீடுகளிலும் நான் வாய் திறந்து சொன்னது, "காபி நல்லா இருக்கு" மட்டும்தான். மூன்றாவது வீட்டில் கொடுத்தது டீ.

ஒருநாள், வழக்கமாகச் சாமான் வாங்கும் பிளம்பர் சேகர் வந்தான்.

"அண்ணாத்த, எங்க நெம்மேலில தேன்மொழின்னு கண்ணு தெரியாத பொண்ணு. நாளன்னிக்கு பி.ஏ. கடைசி பரீட்ச. இதுல பாஸானாதான் டீச்சர் ட்ரெயினிங் சேர முடியும். அது சொல்லச் சொல்ல எழுதுற பொண்ணு ஜொரத்துல படுத்துகினு கீது. நீ எழுதிக் குடேன்."

"நான் வெறும் பத்தாவதுப்பா."

"அதான் வோணும்! எழுதிக் குடுக்குற ஆளு, பரீட்சைக்கு ஒக்கார்ற ஆள விடக் கம்மியா படிச்சிருக்கணுமாம். கேட்டவொடனே டக்குனு உன் மூஞ்சிதான் ஞாபகம் வந்திச்சி."

என் படிப்பை ஒருவர் தகுதி என்று சொன்னது அதுவே முதல் தடவை. மறுக்க மனம் வரவில்லை. தேன்மொழியின் அம்மா கல்லூரியில் பேசி அனுமதி வாங்கினார்.

வேலை நாளில் ஷட்டரை இறக்கிவிட்டு, தேய்த்த சட்டையோடு போனேன். தனி அறை. தேன்மொழி, நான், மேற்பார்வைக்கு ஒரு மேடம்.

"பயப்படாதீங்க அங்கிள். நிறுத்தி நிறுத்திச் சொல்றேன்" என்றாள். பரீட்சை அவளுக்கு; ஆறுதல் எனக்கு.

மூன்று மணி நேரம் ஒரு குரல் என்னிடமே பேசிக்கொண்டிருந்தது. படை, வரி, துறைமுகம் என்று என்னென்னவோ வந்தது. பாதி புரியவில்லை. ஆனாலும் மணி அடித்துவிடக் கூடாதே என்று இருந்தது. நடுவில், "கை வலிக்குதா அங்கிள்?" என்று கேட்டாள். கை வலிக்கிறதா என்று என்னைக் கடைசியாக யார் கேட்டார்கள் என்று யோசித்ததில் ஒரு ராஜாவைக் கோட்டை விட்டேன். மறுபடி சொல்லச் சொல்லி எழுதினேன்.

மணி அடித்தது. மேடம் தாள்களைப் புரட்டினார். முகம் மாறியது.

"சார், என்ன இது?"

ஒவ்வொரு பக்கத்தின் உச்சியிலும் அழகாக ஒரு 'உ'. முப்பது வருஷம் பில் எழுதிய கை. பேனா தாளைத் தொட்டதும் அதுவே போட்டுவிடும். எனக்குத் தகவல்கூட வராது. இருபத்திரண்டு பக்கம், இருபத்திரண்டு பிள்ளையார்.

"விடைத்தாள்ல எந்த அடையாளமும் இருக்கக் கூடாது சார். பேப்பரே செல்லாதுன்னு தள்ளிடுவாங்க!"

"எந்தப் பக்கத்துல அங்கிள்?" என்றாள் தேன்மொழி, மெதுவாக.

"எல்லாப் பக்கத்துலயும்மா."

அவள் தன் குச்சியைத் தடவி எடுத்துக்கொண்டு எழுந்தாள். திட்டியிருந்தால் தேவலை.

தேர்வு அதிகாரியிடம் கூட்டிப்போனார்கள். "பழக்க தோஷத்துல நீங்களா போட்டது, பொண்ணுக்குச் சம்பந்தம் இல்லைன்னு கைப்பட எழுதிக் குடுங்க. மேல அனுப்புறேன். ஆனா அவங்க நம்பணுமே!" என்றார் அவர்.

உயிரைக் கொடுத்து எழுதினேன். படித்த அதிகாரி கைக்குட்டையால் முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. அழுகிறார் என்றே நினைத்தேன். மேடம் எட்டிப் பார்த்து, வாயைப் பொத்திக்கொண்டார்.

கடிதத்தின் உச்சியில் ஒரு 'உ'. கையெழுத்துக்குக் கீழே, "நன்றி, மீண்டும் வருக". (அச்சடித்த பில் புத்தகம் தீர்ந்த நாட்களில் இதையும் கையால் எழுதிப் பழகியிருந்தேன்.)

"பழக்க தோஷத்துக்கு இதைவிட சாட்சி வேணாம்" என்றார் அதிகாரி, கண்ணைத் துடைத்தபடி.

மேடம் அதை வாசித்துக் காட்டியதும் தேன்மொழி கேட்டாள்: "மீண்டும் வருகன்னா, அரியரா அங்கிள்?" சிரித்தாளா, அழுதாளா, எனக்குத் தெரியவில்லை.

சேவை செய்தால் மனநிறைவு வரும், வியாபாரமும் பெருகும் என்று வியாபாரிகள் கூட்டத்தில் பேசுவார்கள். எனக்கு இருந்த வியாபாரமும் குழம்பியது. ரிசல்ட் வரும்வரை, எல்போ ஜாயின்ட் கேட்டவருக்கு டீ ஜாயின்ட் கொடுத்தேன், டேப் கேட்டவருக்கு வால்வு கொடுத்தேன். சந்தோஷத்தைச் சொல்ல ஆள் இல்லாமல் இருந்துவிடலாம். கவலையைச் சொல்ல ஆள் இல்லாதது வேறு மாதிரி. கல்லாவுக்குப் பின்னால் தொங்கிய ஷவரிடம் ஒருநாள் சொல்லிப் பார்த்தேன். அது தலை குனிந்தபடியே கேட்டுக்கொண்டது.

கடைசியில் சேகர்தான் ஓடி வந்தான். "பாஸாயிடுச்சி அண்ணாத்த! உன்ன சாப்புட இட்டாரச் சொல்லிச்சி அவங்க அம்மா."

அதிலிருந்து மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நெம்மேலிக்குப் போகிறேன். அங்கேயும் அதிகம் பேசுவதில்லை. ஒழுகும் குழாய் இருந்தால் பார்ப்பேன். தேன்மொழி பேசுவதைக் கேட்பேன். இப்போது ட்ரெயினிங் முடியப் போகிறது. கிளம்பும்போது நான் செருப்பை மாட்டும் சத்தம் கேட்டதும், அவள் ஒன்று, இரண்டு என்று எண்ணுவாள். மூன்றில் வீடே சேர்ந்து கத்தும்:

"நன்றி, மீண்டும் வருக!"

முப்பது வருஷம் ஊருக்கெல்லாம் நான் கொடுத்த வாசகம். யாரும் அதை என்னிடம் திருப்பிச் சொன்னதில்லை. இவர்கள் கேலிக்குத்தான் சொல்கிறார்கள். இருந்தாலும் நான் போய்விடுகிறேன்.