காப்பார் கருவாட்டுக் குழம்பு

"இது இல்ல மாமா," என்று குமுதா தட்டைத் தள்ளி வைத்தாள்.

கார்த்திகேசுவின் மீசை துடித்தது. மாசமாக இருக்கும் மருமகளின் வாய்க்குப் பிடித்ததைக் கொடுக்க வக்கில்லாத வீடு என்று நாலு பேர் சொல்லிவிட்டால், ஸ்டேசன் மாஸ்டராக இருந்து ஓய்வுபெற்றவர் பூச்சோங்கில் எப்படித் தலைநிமிர்ந்து நடப்பது?

அவள் கேட்டது கருவாட்டுக் குழம்பு. அதுவும் காப்பாரில் அம்மா வீட்டில் சாப்பிட்ட அதே ருசியில். கருவாட்டை வாசற்படி தாண்ட விடாதவர், பேரப்பிள்ளைக்காக அந்தச் சட்டத்தைத் தளர்த்தி, பிரிக்ஃபீல்ட்ஸ் சாப்பாட்டுக் கடைவரை போய்க் குழம்பு வாங்கி வந்திருந்தார்.

"நான் வேணா காப்பாருக்கு ஒரு எட்டு போய்ட்டு வரேங்க," என்றாள் மனைவி நல்லம்மாள்.

"சம்பந்தி வீட்டு வாசல்ல குழம்புக்கு நிக்கிற குடும்பமா நம்மளது? பேசாம இரு!"

குழம்போடு கடைக்கே திரும்பினார். "என்னய்யா இது, இனிக்குது!"

"வெள்ளக்காரங்களும் சாப்பிட வராங்க லா அங்கிள். காரம் போட்டா அழுதுடுவாங்க."

"அதுக்குத் தமிழன் அழணுமா?"

அடுத்து கிள்ளான். 'அசல் கிராமத்துச் சமையல்' என்று பலகை வைத்திருந்தவர் குழம்பில் தேங்காய்ப்பாலை ஊற்றியிருந்தார். ஒரு வாய் வைத்த குமுதா குளியலறைக்கு ஓடினாள்.

"கடைக்காரனுங்கள நம்பினது என் தப்பு," என்று பாசாருக்குப் போய்க் கருவாடு வாங்கி வந்தார் கார்த்திகேசு. நல்லம்மாள் கரண்டியை எடுக்க வந்தாள். அவளை வெளியே அனுப்பிவிட்டு அடுப்படிக் கதவைச் சாத்திக்கொண்டார்.

சற்று நேரத்தில் அடுக்குமாடிக் காவலாளி லோகன் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்து நின்றான்.

"அங்கிள், மேல்வீட்டு ஆன்டி கம்ப்ளேன் பண்றாங்க. எலி ஏதும் செத்துக் கெடக்குதா?"

"சமையல்டா இது! மோந்து பாக்கவும் குடுத்து வச்சிருக்கணும்!"

உள்ளே சட்டி கருகிக்கொண்டிருந்தது. "விடுங்க மாமா, எனக்கு ரொட்டியே போதும்," என்றாள் குமுதா. அந்தப் 'போதும்'தான் அவரைச் சுட்டது. காரை எடுத்தார்.

காப்பாரில் சம்பந்தி ஜெயராஜ் கேட்டைத் திறந்தார். "வாங்க சம்பந்தி! உட்காருங்க."

"உட்கார வரல. இந்தப் பக்கம் ஒரு வேல."

"கையில டிபன் கேரியர்?"

"வண்டியில லொடலொடன்னு சத்தம் போட்டுச்சு. அதான் கையில எடுத்துக்கிட்டேன்." தொண்டையைச் செருமினார். "கேட்டு வாங்கற பழக்கம் எங்களுக்குக் கெடையாது. கருவாட்டுக் குழம்ப உங்க வீட்டம்மா எப்படி வைக்கிறாங்கன்னு மட்டும் சொல்லச் சொல்லுங்க. மத்தத நாங்க பாத்துக்குவோம்."

ஜெயராஜ் திருதிருவென்று விழித்தார்.

"எங்க வள்ளியம்மாவுக்குக் கருவாடே ஆகாதே சம்பந்தி! உங்க வீட்டம்மாதான வெள்ளிக்கிழமை தவறாம கோயிலுக்குப் போறேன்னு சொல்லிட்டு இங்க வந்து, ஆசையா வச்சுச் சாப்பிட்டுட்டுப் போறாங்க?"