மண்ணை ருசிப்பவர்

எங்கள் அட்லஸ் மலையில் ஆறு குறுகக் குறுக அறிவு அகலமாகிவிடும். கரையோரம் ஆளுக்குப் பாயகல நிலம். அந்தப் பாயகல நிலத்தைப் பற்றிப் பேச ஊருக்கு ஒருவர் நிச்சயம். மண்ருசியர் என்று வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் ஊரில் அவர் பெயர் பஸ்ஸூ.

உங்கள் வயலில் கால் வைத்ததும் குனிவார். ஒரு பிடி மண்ணை எடுத்து, நசுக்கி, மோந்து, நாக்கு நுனியில் வைத்துக் கண்ணை மூடி, சுற்றி நிற்பவர்களெல்லாம் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருக்க, துப்புவார். "வண்டல்தான். ஆனா ஆத்து வண்டல் இல்ல, ஓடை வண்டல். போன வருஷமே நான் சொன்னதக் கேட்டிருந்தா..." போன வருஷம் என்ன சொன்னார்? யாருக்கும் நினைவில்லை. அவருக்கும்தான்.

எங்கள் வழக்கம் ஒன்று உண்டு: வண்டலில் பார்லி, பாறையில் வீடு. பஸ்ஸூவின் அக்கா மகள் இத்தோ, தனிக்குடித்தனத்துக்கு இடம் தேடினாள். மலையிடுக்கிலிருந்து ஓடை வெளியே வந்து ஆற்றில் சேருமுன் விசிறிபோல் விரிந்து கிடக்கும் ஒரு சரளை மேட்டில் மாமா அவளைக் கொண்டுபோய் நிறுத்தினார்.

"பார்லிக்கு ஆகாது. ஆனா வீட்டுக்கு ராஜா இடம்!"

"இந்த உருண்டைக் கல்லெல்லாம் எங்கேருந்து மாமா வந்துச்சு?"

"உன் அஸ்திவாரத்துக்குன்னு அல்லாவே கொண்டாந்து போட்டிருக்கான்."

"ஓடை வந்தா?"

மாமா ஒரு கல்லை நக்கிப் பார்த்தார். "வராது. ஈரமே இல்லியே."

சீதனமாக வந்த அக்ரூட் மரங்களை விற்று இத்தோ வீடு கட்டினாள். கோடை முடிவில் மலையுச்சியில் ஒரு மழை. ஊரில் ஒரு சொட்டு இல்லை. ஓடை வந்தது. பாறைகளை உருட்டிக்கொண்டு வந்தது. கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு பக்கத்துப் பாறை மேல் ஏறிய இத்தோ திரும்பிப் பார்த்தபோது வீடு இல்லை.

பஸ்ஸூ? மறுநாள் காலையில் வந்தார். சுவர் இருந்த இடத்தில் படிந்திருந்த புதுச் சேற்றை ஒரு விரல் எடுத்து ருசித்தார். "அருமையான மண்ணு," என்றார்.

"உங்க வீடு மட்டும் ஏன் மாமா பாறை மேல நிக்குது?" என்று கேட்டாள் இத்தோ.

"அது எங்கப்பா கட்டுனது தாயி. அவருக்கு மண்ணப் பத்தி என்ன தெரியும்?"

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். கேட்காமலே கடைசியாக யாருக்கு யோசனை சொன்னீர்கள்? அவர் இப்போது எங்கே படுத்துத் தூங்குகிறார் என்று ஒரு தரம் விசாரித்துவிடுங்கள். உங்கள் வீடு பத்திரமாகத்தான் இருக்கும். ஆனால், அதை நீங்களா கட்டினீர்கள்?