உட்காரத் தெரியாத விருந்தாளி

விருந்தாளிகளில் பல ரகம் உண்டு. படம் எடுக்க வருகிறவர், பேரம் பேச வருகிறவர், வந்த அன்றே வயிறு கெட்டு, கட்டிலை விட்டு எழாமலே ஊர் திரும்புகிறவர். இவர்களால் எங்கள் அட்லஸ் மலைக்கு ஒரு கெடுதலும் இல்லை. இன்னொரு ரகம் இருக்கிறது. அது குடும்பத்தோடு வரும். நல்ல மனசோடு வரும். உள்ளூர் ஜனங்களோடு ஒட்டி உறவாட வேண்டும், போகிற ஊருக்கு நம்மால் ஆனதைச் செய்ய வேண்டும் என்று வீட்டைப் பூட்டும்போதே முடிவு கட்டிக்கொண்டு வரும். வந்த பிறகு உட்காராது.

இந்த ரகத்தைக் கண்டுபிடிக்கக் கண்ணாடி வேண்டியதில்லை. முதுகுப்பையை இறக்கும் முன்பே, "நாங்க சாதாரண டூரிஸ்ட் இல்ல" என்று சொல்லிவிடும். தேநீர்த் தட்டைக் கொண்டுபோனால் எழுந்து தட்டை வாங்கும். மாவு பிசைந்தால் மாவைப் பிடுங்கும். ஆட்டில் பால் கறந்தால் ஆட்டின் காலைப் பிடித்துக்கொள்ளும். ஆடு உதைத்தால் ஆட்டிடம் மன்னிப்புக் கேட்கும். எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடச் சுவருக்கு இந்தக் கோடையில் மட்டும் நாலு குடும்பங்கள் வந்து வண்ணம் அடித்துவிட்டுப் போயிருக்கின்றன. ஐந்தாவது குடும்பமும் வந்து அடித்தால் வண்ணத்தின் தடிப்பில் கதவு மூடாது. கரும்பலகை கேட்டு வாத்தியார் எழுதிய கடிதம் அப்படியே இருக்கிறது. கரும்பலகை வாங்கிக் கொடுப்பதில் கை அழுக்காகாதே!

ஹத்துவின் வீட்டுக்கு வந்தது அப்படி ஒரு குடும்பம். பெல்ஜியத்துக்காரர்கள். புருஷன் மார்ட்டன், பெண்சாதி ஹில்டா, இரண்டு பிள்ளைகள். ஹத்துவுக்கு மேல்மாடியில் வாடகைக்கு விட இரண்டு அறை, பள்ளத்தில் ஒரு துண்டு மக்காச்சோளம். அறை கைச்செலவுக்கு, சோளம் வயிற்றுக்கு. அந்தச் சோளம் இப்போது பால் பிடிக்கிற பருவம். போன முறை மலைமேல் வாய்க்கால் தொடங்குகிற தலைப்பு உடைந்து ஹத்துவுக்குத் தண்ணீர் வரவில்லை. எட்டு நாளுக்கு ஒரு முறைதான் தண்ணீர். செவ்வாய்க்கிழமை விடிந்ததிலிருந்து நடுப்பகல் தொழுகைக்கான லுஹர் பாங்கு வரை அவன் முறை. இதையும் விட்டால் கதிர் மணி பிடிக்காமல் சப்பிப் போகும். பிறகு தட்டையை வெட்டி மாட்டுக்குப் போட வேண்டியதுதான்.

திங்கட்கிழமை முழுக்க மார்ட்டன் ஹத்துவின் பின்னாலேயே திரிந்தார்.

"ஹத்து, நான் என்ன உதவி செய்யட்டும்?"

"உக்காருங்க."

"சும்மா உக்காந்து சாப்பிட்டா எங்களுக்குக் கூச்சமா இருக்கு."

"அப்ப படுங்க."

ஹத்து பாரீஸ் பக்கம் ஆறு வருஷம் செங்கல் சுமந்தவன். பிரெஞ்சு நன்றாக வரும். இருந்தும் இதற்குமேல் எப்படிச் சொல்வது என்று அவனுக்குத் தெரியவில்லை.

செவ்வாய் காலை ஹத்து மடையைத் திறந்து தண்ணீரை வயலுக்குள் விட்டான். பிறகு மண்வெட்டியோடு கீழ்க்கோடிக்குப் போய்ப் பாத்தி பாத்தியாகத் திருப்பத் தொடங்கினான். மார்ட்டனும் குடும்பமும் வாய்க்கால் ஓரமாக உலாவ வந்தார்கள். ஹத்துவின் மடைக்குக் கொஞ்சம் மேலே மோஹாவின் மடை. மோஹாவின் முறை புதன்கிழமை, அதனால் அவன் வயல் வெடித்துக் கிடந்தது. மோஹா வீட்டார் எல்லாரும் சந்தைக்குப் போயிருந்தார்கள். மார்ட்டன் பார்த்தார். இந்தப் பக்கம் தண்ணீர் ததும்புகிறது, அந்தப் பக்கம் சோளம் நாக்கைத் தொங்கப் போட்டு நிற்கிறது. நியாயமா? அவருக்கு மனசு தாங்கவில்லை.

நாலு பேரும் இறங்கினார்கள். கல் பொறுக்கினார்கள், சேறு குழைத்தார்கள், வாய்க்காலின் குறுக்கே சொட்டுக் கசியாமல் ஒரு அணை கட்டினார்கள். மோஹாவின் மடையைத் திறந்தார்கள். பக்கத்தில் நின்று படமும் எடுத்துக்கொண்டார்கள்.

நாலு பாத்தி நனைவதற்குள் கீழே ஹத்துவின் காலடியில் தண்ணீர் மெலிந்தது, நூலானது, நின்றது. தலைப்பு மறுபடி உடைந்துவிட்டது என்றே நினைத்தான். ஆட்டுத்தடம் வழியாகக் குறுக்கே மலையேறினான். ஒரு மணி நேர ஏற்றம். மேலே தலைப்பு கல்லாட்டம் அப்படியே இருந்தது. மலையைச் சுற்றிச் சுற்றி வரும் வாய்க்காலைப் பிடித்துக்கொண்டே இரண்டு மணி நேரம் இறங்கி வந்து அணையைப் பார்த்தான். அந்த நேரம் பார்த்து லுஹர் பாங்கு சொன்னார்கள். அடுத்த முறைக்காரர்கள் மண்வெட்டியோடு வந்துவிட்டார்கள்.

"என்ன ஹத்து, பகையாளி வயலுக்குத் தண்ணி கட்டுறியா? மனசு இளகிடுச்சோ?"

மார்ட்டன் முழங்கால் வரை சேறும் முகமெல்லாம் சிரிப்புமாக நின்றார். "பாவம் ஹத்து, அந்த வயல் ரொம்பக் காஞ்சு கிடந்தது."

ஹத்து வாயைத் திறந்தான். விருந்தாளி என்ற நினைப்பு வந்தது. மூடிக்கொண்டான்.

வீட்டில் மஹ்ஜூபா மூடிக்கொள்ளவில்லை. அவள் ஹத்துவின் பெண்சாதி. அவள் எதற்கு மூட வேண்டும்?

"அந்த மனுஷனுக்கு நேத்தே ஒரு கூடை அக்ரூட் குடுத்து உடைங்கன்னு சொல்லியிருக்கலாம்ல? இந்நேரம் வரைக்கும் உடைச்சிட்டு இருந்திருப்பாரு."

"விருந்தாளிக்கு வேலை குடுத்தா நாலு பேரு என்ன சொல்லுவாங்க?"

"இப்ப நாலு பேரு என்ன சொல்றாங்க? வாசலுக்கு வந்து கேட்டுப் பாருங்க."

"சோளம் போச்சுடி."

"போகல. நாளைக்கு மோஹா முறை. அவன் வயலு இன்னிக்கே குடிச்சாச்சு. போய்க் கேளுங்க."

"அவன் வாசல்லயா? ரெண்டு வருஷமா சலாம் கூடக் கிடையாது."

"நீங்க எங்க கேக்கப் போறீங்க? தண்ணிய யாரு திருப்புனாங்களோ அவங்கதான் சர்க்கரையோட மன்னிப்புக் கேக்கப் போகணும். அதானே மொறை? குடும்பத்தோட கூட்டிட்டுப் போங்க. வீடு தேடி வந்த பிள்ளைங்களுக்கு முன்னால அவன் வாயில 'முடியாது' வராது."

மார்ட்டனுக்கு விஷயம் சொல்லப்பட்டது. அணையை இப்போதே இடித்துவிடுகிறேன், ஆற்றிலிருந்து வாளியில் தண்ணீர் சுமக்கிறேன், குழாய் வாங்கித் தருகிறேன் என்று எழுந்தார். மஹ்ஜூபா அவர் தோளில் கை வைத்து அழுத்தி உட்கார வைத்தாள். அவள் சொன்னதை ஹத்து மொழிபெயர்த்தான்: "நீங்க கடையில சர்க்கரை வாங்கணும். அவர் வீட்டுல போய் உக்காரணும். எந்திரிக்கக் கூடாது. அவ்வளவுதான் உதவி."

சாயங்காலம், நீலத்தாள் சுற்றிய சர்க்கரைக் கூம்பு ஒன்றைக் கைக்குழந்தை மாதிரி ஏந்திக்கொண்டு மார்ட்டன் மோஹாவின் வீட்டுக்குள் போனார். பின்னால் ஹில்டா, பிள்ளைகள். எல்லாருக்கும் பின்னால் ஹத்து.

மோஹா சர்க்கரையை வாங்கிக்கொண்டான். "வாங்க, உக்காருங்க" என்று நாலு பேரையும் பாயில் உட்கார வைத்தான். ஹத்து நின்ற திசையில் காற்றுதான் இருக்கிறது என்பது போல மார்ட்டனிடமே பேசினான். அவனுக்குப் பிரெஞ்சு தெரியாது. மார்ட்டனுக்கு எங்கள் பாஷையில் ஒரு சொல் தெரியாது. அதனால் என்ன?

"விருந்தாளி, உங்க பின்னால ஒருத்தர் நிக்கிறாரே, ரெண்டு வருஷம் கழிச்சு இந்த வாசலுக்கு வழி தெரிஞ்சுதான்னு கேளுங்க."

மார்ட்டன் மரியாதையாகத் தலையாட்டினார்.

ஹத்து மார்ட்டனின் முதுகைப் பார்த்துச் சொன்னான்: "வழி எப்பவும் தெரியும், கூப்பிடத்தான் ஆளில்லன்னு சொல்லுங்க."

"என் வீட்டுல அறை கேட்டு வந்த ஜெர்மன்காரங்கள ரோட்டுலயே மறிச்சு, மோஹா செத்துப்போயிட்டான், எங்க வீட்டுக்கு வாங்கன்னு கூட்டிட்டுப் போனாரே, அதையும் கேளுங்க."

"செத்துட்டான்னு சொல்லல! ஒடம்பு சரியில்லன்னுதான் சொன்னேன்னு சொல்லுங்க!"

"அன்னிக்கு நான் கூரை மேல நின்னு வைக்கோல் அள்ளிட்டு இருந்தேன்னு சொல்லுங்க!"

"அவ்வளவு உசரத்துல யாரு பாத்தான்னு கேளுங்க!"

மார்ட்டன் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். இடையில் இரண்டு தடவை எழுந்திருக்கப் பார்த்தார். ஹில்டா அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். உள்ளே மோஹாவின் பெண்சாதி முதலில் சிரித்தாள். பிறகு பிள்ளைகள் என்னவென்றே தெரியாமல் சிரித்தார்கள். மோஹா மீசையைத் தடவிச் சிரிப்பை மறைத்தான்.

மார்ட்டன் தொண்டையைச் செருமிக்கொண்டு மன்னிப்புக் கேட்டார். ஹத்து அதைச் சொன்னான்: "இவர்தான் திருப்புனாராம். தெரியாமப் பண்ணிட்டாராம். வயலு காஞ்சு கிடந்துச்சாம், பாவமா இருந்துச்சாம்."

"காயாம என்ன செய்யும்? என் முறை புதன். செவ்வாய்க்கிழமை அது காஞ்சுதான் கிடக்கும். நாளைக்கு உங்க ஊர்ல வந்து, லீவு நாள்ல கடை தொறக்காததுக்குப் பாவப்பட்டு நான் பூட்டை ஒடைக்கட்டுமா?" என்றவன், கொஞ்சம் இறங்கி, "அணை மட்டும் நல்லா கட்டியிருக்காங்க. நம்ம ஆளுங்களுக்கு இந்த வேலை வராது" என்றான். "சரி விருந்தாளி. நாளைக்கு லுஹர் வரைக்கும் அவர் பாய்ச்சிக்கட்டும். ஆனா மிச்சம் இருக்கிற ரெண்டு நாளும் நீங்க நாலு பேரும் என் வீட்டுல, வாடகையும் எனக்கு."

ஹத்துவுக்குச் சுருக்கென்றது. சொந்தக் கையால் தன் விருந்தாளியைக் கொண்டுவந்து விட்டிருக்கிறான். ஆனால் சோளம்?

"எடுத்துக்க மோஹா" என்றான். இடையில் ஆள் வைக்காமல் நேரே சொல்லிவிட்டது அப்புறம்தான் இரண்டு பேருக்கும் உறைத்தது. மோஹா நகர்ந்து பாயில் இடம் விட்டான்.

மூன்றாவது கோப்பைத் தேநீரும் ஆனது. மோஹாவின் பெண்சாதி காலித் தட்டைத் தூக்கினாள். மார்ட்டனுக்கு அதற்குமேல் பொறுக்கவில்லை. "நான் ஏதாவது உதவி செய்யட்டுமா?" என்றார்.

மோஹா ஹத்துவைப் பார்த்தான். "என்னவாம்?"

"இன்னும் ரெண்டு ரொட்டி வேணுமாம்."

ரொட்டி வந்தது. மார்ட்டன் தின்றார். மறுநாள் ஹத்துவின் சோளம் வயிறு முட்டக் குடித்தது.

சிரிக்கிறீர்கள். நல்லது. ஆனால் ஒன்று கேட்கிறேன். மார்ட்டன் மோஹாவின் மடையைத் திறந்தாரே, அதைப் படித்தபோது உங்கள் மனசுக்குள் ஒரு குரல், "அதுவும் பாவம் காயத்தானே செய்கிறது, கொஞ்சம் திறந்துவிட்டால் என்ன குறைந்துவிடும்?" என்று கேட்டதா இல்லையா? கேட்டிருந்தால் ஒன்றும் பயமில்லை, எங்கள் மலைக்குத் தாராளமாக வாருங்கள், மோஹா வீட்டிலும் இடம் இருக்கிறது. வருகிற அன்று என்ன கிழமை, யார் முறை என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். அதுவரை அந்த மண்வெட்டியைக் கொஞ்சம் கீழே வையுங்கள்.