பாலுக்குக் கால் இருக்கா?

பண்ணுவான்டி. ஏன் பண்ண மாட்டான்? கட்டின பொண்டாட்டிக்கு எவனாச்சும் வேணும்னே இங்கிலீஷ தப்பா சொல்லித் தருவானான்னு கேக்கிற பாரு, அதுலயே தெரியுது ஸ்ரீவித்யா, உனக்குக் கல்யாணமாகி ஆறு மாசம்தான்னு. நீ கம்ப்யூட்டர் கம்பெனிக்காரி. புனேல இந்த சாங்விக்கு நேத்து வந்தவ. நான் தேஹு ரோடு குவார்ட்டர்ஸ்ல முப்பது வருஷம் மழையப் பார்த்துட்டு வந்தவ. உக்காரு.

அருணாச்சலம் நான் பெத்ததுதான். ராணுவ டிப்போவுல கிளார்க். ஆபீஸ்ல மேல போற இண்டர்வியூவுக்கு ரெண்டு தடவை போனான், ரெண்டு தடவையும் கவுந்தான். முடி கொட்டிப்போச்சு. முட்டி வலி வந்துடுச்சு. மத்தியானம் ஒரு மணிக்கு சைக்கிள மிதிச்சு வீட்டுக்கு வந்தா, ஆவி பறக்கிற சோத்துல கொதிக்கக் கொதிக்க ரசம். உலகத்துல அவனுக்குன்னு காத்துட்டிருந்தது அது ஒண்ணுதான்.

தொண்ணூத்தேழாம் வருஷ மழைக்காலம். என் மருமக சாந்தகுமாரி ரசத்த ஊத்திக்கிட்டே ஆரம்பிச்சா.

"ஏங்க, பிம்ப்ரியில ஒரு கண்ணாஸ்பத்திரி. ரிசப்ஷனுக்கு ஆள் வேணுமாம். தீபாவளி கழிச்சு இண்டர்வியூவாம். கொஞ்சம் இங்கிலீஷ் பேசினா போதுமாம்."

"உனக்கு வேலைக்குப் போகணும்னு என்ன தலையெழுத்து?"

"இந்த நாலு சுவத்துக்கும் எனக்கும் பேச விஷயம் தீந்துபோச்சுங்க. மழை பெய்யுது. நிக்குது. மறுபடி பெய்யுது. அத்தை தூங்குறாங்க."

நான் எங்கடி தூங்கினேன்? கண்ண மூடிட்டிருந்தேன்.

இவன் தட்டையே பார்த்தான். ஆறின சோத்து டப்பா அவன் கண்ணு முன்னால வந்து நிக்குது. வேணாம்னா அவ அழ மாட்டா, பேசாம இருந்துடுவா. அது இன்னும் மோசம்.

"போயேன், யார் வேணாங்குறா? இங்கிலீஷ் நானே சொல்லித் தரேன்" அப்படின்னான். எனக்கே தூக்கிவாரிப்போட்டுச்சு. கை கழுவுற சாக்குல தண்ணி டிரம் பக்கம் என்னைக் கூட்டிட்டுப் போனான்.

"அம்மா, தமிழ்ல எல்லாத்துக்கும் 'பண்ணு'தானே? போன் பண்ணு, முடிவு பண்ணு, தப்பு பண்ணு. இங்கிலீஷ்லயும் எல்லாத்துக்கும் 'டூ'ன்னு சொல்லிடறேன். அங்க போயி அவ வாயத் தொறந்தா போதும், அந்த டாக்டரே வாசலக் காட்டிடுவான்."

"பாவம்டா."

"நானும்தாம்மா பாவம்."

ரத்தம்டி. இவங்கப்பா இங்க வந்து நாப்பது வருஷம் இந்தி பேசினாரு. எல்லாத்துக்கும் 'கரோ'தான், அதான் இந்திக்காரன் 'பண்ணு'. பஸ் நிக்கணுமா, "பஸ் கரோ." வெண்டைக்கா வேணுமா, "பிண்டி கரோ." இந்தியில பால்னா முடி. ஒரு தடவை சலூன்ல "பால் கரோ"ன்னு தலையக் காட்டிட்டுத் தூங்கிட்டாரு. சலூன்காரன் மொட்டையே கரோ பண்ணிட்டான். குளிர்காலம் வேற. சரி, அத விடு.

தினம் சாயங்காலம் பாடம். நான் பருப்பு பொறுக்கிக்கிட்டு கேட்டுட்டு உக்காந்திருப்பேன்.

"சொல்லு. மில்க் டிட் பேட். பால் கெட்டுப்போச்சு."

"ஏங்க, மில்க் வென்ட் பேட்னுல்ல டிவியில சொன்னாங்க?"

"டிவியில ஆயிரம் சொல்லுவான். பாலுக்குக் கால் இருக்கா, போறதுக்கு?"

"அதுவும் சரிதான். இன்னொரு வாட்டி சொல்லுங்க."

"மில்க் டிட் பேட்."

"இன்னும் கொஞ்சம் சத்தமா. மழையில கேக்கல."

"மில்க் டிட் பேட்! ஐ டிட் ஆங்ரி! யூ டிட் லேட்!"

மாடியில குடியிருந்த ஸ்டீபன் கதவத் தொறந்து எட்டிப் பார்க்கிற அளவுக்குக் கத்துவான். அவளுக்கு மட்டும் மண்டையில ஏறவே இல்ல. "டேக் எ டிசிஷன்"ம்பா. "டூ எ டிசிஷன்"னு இவன் திருத்துவான். "மேக் எ மிஸ்டேக்"ம்பா. "டூ எ மிஸ்டேக்!"னு இவன் தலையில அடிச்சுக்குவான். மக்கு, மக்குன்னு எங்கிட்ட வந்து சொல்லிச் சந்தோஷப்படுவான். ஒரு நாள் தூக்கத்துல கூட "ஐ டிட் ஹங்கிரி"ன்னு முனகினானாம். எழுப்பிச் சோறு போடறதா வேண்டாமான்னு அவ முழிச்சிட்டு உக்காந்திருக்கா.

அவளோ தினம் மத்தியானம் ஒரு கிண்ணம் இட்லி மாவ எடுத்துக்கிட்டு எதிர்வீட்டுப் பவுன் டீச்சர் வீட்டுக்குப் போவா. திரும்பி வர ஒரு மணி நேரம் ஆகும். மாவு குடுக்க ஒரு மணி நேரமான்னு எனக்குத் தோணல பாரு. கண்ண மூடிட்டிருந்தேன்.

ரெண்டு இண்டர்வியூவும் ஒரே வியாழக்கிழமையில வந்துச்சு. அவளுக்கு ஆஸ்பத்திரி, இவனுக்கு ஆபீஸ்ல மூணாவது தடவை. இவன் முகத்துல அன்னைக்கு ஒரு தெளிவு. சாயங்காலம் அவ அழுதுட்டு வருவா, ஸ்டேஷன் வாசல்ல சூடா ரெண்டு வடாபாவ் வாங்கிட்டு வந்து, "போகட்டும் சாந்தா, வீடு இருக்கு, நான் இருக்கேன்"னு சொல்லணும். வார்த்தைய சைக்கிள்ள போகும்போதே பழகிக்கிட்டுப் போனான்.

உள்ள மூணு பெரிய ஆபீஸருங்க. போன தடவை என்னாச்சுன்னு ஒருத்தர் கேட்டாராம்.

"சார், ஐ டிட் நெர்வஸ்."

அவன் காதுலயே விழுந்துச்சாம். நிறுத்தப் பார்த்தானாம். ரெண்டு மாசமா பழகின நாக்கு நிக்குமா? "ஐ டிட் எ மிஸ்டேக் சார். நௌ ஐ டிட் எ டிசிஷன். ஐ டிட் ஓல்ட் சார்!" அவங்க ஒருத்தரையொருத்தர் பார்த்துக்கிட்டாங்களாம். ஒருத்தர் பாவப்பட்டு தண்ணி டம்ளர நகத்தி வெச்சாரு. இவன் எழுந்து நின்னு சொல்லியிருக்கான்: "தேங்க் யூ சார். ஐ வில் டூ வாட்டர்."

இருட்டின வீட்டுக்கு வந்தான். கரண்டும் இல்ல. கையில வடாபாவ் பொட்டலம், காலம் தப்பின மழையில நனைஞ்சு போய். சாந்தா புதுப்புடவை கட்டிக்கிட்டு மெழுகுவர்த்தி ஏத்திட்டிருந்தா.

"திங்கக்கிழமையிலேருந்து வரச் சொல்லிட்டாங்கங்க. உங்களுக்கு?"

இவன் அப்படியே நாற்காலியில உக்காந்தான். "எவ்ரிதிங் டிட் ராங்."

"வென்ட் ராங்குங்க." அவ அவன் கையிலேருந்து பொட்டலத்த வாங்கி, ஒரு வடாபாவ எடுத்து அவன் கையிலயே குடுத்தா. "பாலுக்குத்தான் கால் இல்ல. ஆனா போயிடுதே, என்ன பண்ண?"

"உனக்கு... எப்பலேருந்து தெரியும்?"

"ரெண்டாம் நாளே பவுன் டீச்சர் சொல்லிட்டாங்க."

"அப்புறம் ஏன்டி ரெண்டு மாசம் என் தொண்ட கிழியக் கத்தவெச்ச?"

"நிறுத்தியிருந்தா வேற வழி யோசிச்சிருப்பீங்க. போகட்டும், வீடு இருக்கு, நான் இருக்கேன். சாப்பிடுங்க."

அவன் பழகி வெச்சிருந்த வார்த்தையும் போச்சு.

அன்னைக்கு ராத்திரி அவதான் எனக்குச் சொன்னா. வெள்ளக்காரன் கெட்டுப்போறதுக்கெல்லாம் 'கோ'தான் போடுவானாம். பால் கெட்டா கோ, புத்தி கெட்டா கோ, கண்ணு அவிஞ்சா கோ, தல வழுக்கையானா கோ. விவரமானவன்டி. கெடறது எதுவும் நம்ம கிட்ட நிக்காதுன்னு அவனுக்குத் தெரிஞ்சிருக்கு.

சாந்தா இன்னைக்கு அந்த ஆஸ்பத்திரியில பெரிய மேடம். வர ஏழு மணியாகும். இவன் ஆபீஸ்ல எந்த கிளார்க் நாற்காலியில உக்காந்தானோ அதுலேருந்தே போன வருஷம் ரிடையர் ஆயிட்டான். ஆறின சோறு மட்டும் இன்னும் எறங்க மாட்டேங்குது. அதனால ஒரு வித்தையக் கத்துக்கிட்டான். பவுன் டீச்சர்கிட்ட இல்ல, எங்கிட்ட.

டேய் அருணாச்சலம்! ரசம் கொதிச்சாச்சா? ஸ்ரீவித்யாவுக்கும் சேத்து ரெண்டு டம்ளர்ல எடுத்துட்டு வா. ஆறிடப் போகுதுடா!