ஹால்டன்பெர்க்கின் முதலாளி

தர்சோனோவுக்கு இரண்டு முழங்காலும் வீங்கிவிட்டன. இருபத்திரண்டு வருஷம் உட்கார்ந்தே வேலை பார்த்தவரை மூன்று நாள் கேட்டுக்கு முன்னால் நிற்க வைத்தால் வீங்காமல் என்ன செய்யும்?

கேட்டில் பூட்டு. பூட்டுக்குப் பின்னால் ரேடியோ ஃபேக்டரி. அதற்குள் ஒன்றுமில்லை. மிஷின்களை ஞாயிற்றுக்கிழமையே கண்டெய்னரில் ஏற்றிச் சீனாவுக்கு அனுப்பிவிட்டார்கள். வெளியே நூற்றுப் பன்னிரண்டு பேர். ஒருத்தருக்கும் செட்டில்மெண்ட் தரவில்லை.

“பாக், நீங்கதான் எல்லாருக்கும் சீனியர்” என்றான் பேக்கிங் பிரிவுத் தோகார். பெரியவர்களை அந்த ஊரில் ‘பாக்’ என்றுதான் மரியாதையாகக் கூப்பிடுவார்கள்; ஆனால் தோகாருக்கு மெதுவாகப் பேச வராது. “முதலாளி யாருன்னு மட்டும் கண்டுபிடிச்சுக் குடுங்க. மிச்சத்த நாங்க பாத்துக்கறோம்.”

“எனக்கு எப்படிடா தெரியும்?”

தெரியாதுதான். அவர் சேர்ந்தபோது ஹால்டன்பெர்க் ரேடியோவுக்கு முதலாளி ஜெர்மன்காரர். அந்த ரேடியோ காலில் விழுந்தால் ஒரு வாரம் லீவு கிடைக்கும், அவ்வளவு கனம். பிறகு டச்சுக்காரர்கள் வாங்கினார்கள். மரப்பெட்டி பிளாஸ்டிக் ஆனது. பிறகு ஹாங்காங் கம்பெனி. உள்ளே இருப்பதெல்லாம் சீனாவிலிருந்தே வந்தது. இங்கே பாத்தாம் தீவில் மூடியை மட்டும் முடுக்கினார்கள். தர்சோனோ ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு, சிற்றலையில் நாலு ஸ்டேஷன் இழுக்கிறதா என்று பார்த்துச் சீட்டு ஒட்டுவார். முன்பக்கத்துப் பேர் மாறவே இல்லை. பின்பக்க ஸ்டிக்கர்தான் மாறிக்கொண்டே இருந்தது.

முதலாளி மாறும்போதெல்லாம் எல்லாரையும் வரிசையில் நிறுத்திக் கையெழுத்து வாங்குவார்கள். சோற்றுப் பொட்டலம் தருவார்கள். படித்துப் பார்க்கிறவனுக்குச் சோறு ஆறிவிடும்.

இப்போது வயசு ஐம்பத்து மூன்று. சிற்றலை கேட்கும் காதை வேறு எவன் வேலைக்கு எடுப்பான்? அந்தச் செட்டில்மெண்ட் வந்தால் சோறு. வராவிட்டால் இல்லை.

மகளை விட்டுப் போனில் ஜெர்மனிக்கு எழுதச் சொன்னார். மறுநாளே பதில் வந்தது. ‘எங்கள் ரேடியோ மீது நீங்கள் கொண்ட அன்புக்கு நன்றி. வாங்கிய ரசீதை அனுப்பினால் வாரண்டி பற்றிப் பார்க்கலாம்.’

“ரசீதா? நான் அதைச் செஞ்சவன்யா!” என்று போனைப் பார்த்துக் கத்தினார்.

இரண்டாவது பதிலில், பேரை விற்றுப் பதினாறு வருஷம் ஆகிவிட்டது, ஹாங்காங்கில் கேளுங்கள் என்றார்கள். ஹாங்காங்குக்குப் போன் போட்டார். ஒரு பெண் எடுத்தாள்.

“பேரு எங்களோடது. ஃபேக்டரி எங்களோடது இல்ல. மார்ச்லயே வித்தாச்சு.”

“யாருக்கும்மா?”

“உங்க ஊர்க்காரருக்குத்தான். பேரு சொல்ல எங்களுக்கு அனுமதி இல்ல. வேற உதவி வேணுமா? ஹால்டன்பெர்க் ரைஸ் குக்கர் இப்ப தள்ளுபடியில இருக்கு.”

அதோடு போனில் காசு தீர்ந்துவிட்டது.

உள்ளூர்க்காரன் என்று தெரிந்ததும் கேட்டடியில் கொதித்தார்கள். “வெள்ளைக்காரன் வயித்துல அடிச்சாக்கூடப் பொறுத்துக்கலாம்” என்றான் தோகார். “நம்மூர் நாயா? ஆளு மட்டும் கையில சிக்கட்டும்.”

தர்சோனோ தொழிலாளர் அலுவலகத்துக்கு நொண்டிக்கொண்டே போனார். எர்லினா என்ற குமாஸ்தா ஃபாரத்தை நீட்டினாள்.

“முதலாளி பேரு?”

“தெரியாதும்மா.”

“அந்தக் கட்டத்தைக் காலியா விடுங்க. கம்பெனிப் பதிவைப் பாத்துக் கோர்ட்ல எழுதிக்குவாங்க. அவரோட பேங்க் கணக்கை முடக்கணுமா?”

“முடக்குங்க.”

“வண்டி?”

“புடுங்குங்க.”

“வெளிநாடு போகத் தடை?”

“போடுங்க. அவன் சோத்துலயும் மண்ணப் போடுங்க.”

“அதுக்குக் கட்டம் இல்ல, பாக்.”

ஐந்து வாரம் கழித்து மனைவி பாரியெம் ஏ.டி.எம்.மிலிருந்து வெறுங்கையோடு திரும்பினாள். அவர்கள் கணக்கைக் கோர்ட் முடக்கியிருந்தது.

“நம்ம கணக்கை எதுக்குங்க முடக்கணும்?”

“எல்லாம் அவன் வேலைதான். நான் புகார் குடுத்தேன்ல, திருப்பி அடிக்கிறான். எவ்வளவு நீளக் கை பாத்தியா?”

அன்றைக்கே இன்னொரு புகார் எழுதினார்: முதலாளி ஏழையைப் பழிவாங்குகிறான், தண்டனையை இரட்டிப்பாக்க வேண்டும். அடுத்த வாரம் இரண்டு பேர் வந்து அவருடைய மோட்டார் சைக்கிளைச் சங்கிலி போட்டு இழுத்துக்கொண்டு போனார்கள். வீங்கிய காலோடு நடந்தே போய் மூன்றாவது புகாரைக் கொடுத்தார்: ஆளைப் பிடித்து உள்ளே போட வேண்டும்.

“பாக், அவன் உங்களப் பாத்துப் பயந்துட்டான்” என்றான் தோகார், மரியாதையோடு.

“அவன் பயந்ததுல எங்க வீட்ல அரிசி இல்ல” என்றாள் பாரியெம்.

வியாழக்கிழமை காலையில் கோர்ட் அமீனா இரண்டு போலீஸ்காரர்களோடு கேட்டுக்கு வந்தார். நூற்றுப் பன்னிரண்டு பேரும் சூழ்ந்துகொண்டார்கள். தோகார் கையில் பேக்கிங் கயிறு வைத்திருந்தான்.

“ஐயா, முதலாளி கெடச்சானா?”

“கெடச்சுட்டார். இங்கதான் நிப்பார்னு சொன்னாங்க.”

கூட்டம் நாலு பக்கமும் திரும்பிப் பார்த்தது. தர்சோனோ ஒரு காலிப் பெட்டிமேல் ஏறி நின்று, எல்லாரையும் விடத் தூரமாகப் பார்த்தார்.

“தர்சோனோங்கறது யாரு?” என்றார் அமீனா.

“நான்தான்யா, புகார் குடுத்தவன்!” பெட்டியிலிருந்து இறங்கி, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு முன்னால் வந்தார்.

அமீனா ஒரு பத்திரத்தை விரித்தார். “மார்ச் மாசம் இதுல போட்டது உங்க கையெழுத்துதானே?”

தர்சோனோ குனிந்து பார்த்தார். ரெவின்யூ ஸ்டாம்பைப் பாதி மறைத்துக்கொண்டு நின்றது, அவருடைய கையெழுத்தேதான். மேனேஜர் அன்றைக்கு அவரை மட்டும் தனியாகக் கூப்பிட்டிருந்தார்.

“அது... சீனியர்ங்கறதால எல்லார் சார்பாவும் போடச் சொன்னாங்க... பதினோரு பக்கம்... சோறு வேற ஆறிட்டிருந்துச்சு...”

தோகார் கையிலிருந்த கயிறு மெதுவாக இறுகியது.

அமீனா பேனாவைத் திறந்து நீட்டினார். “ஃபேக்டரிய ஒரு ருப்பியாவுக்கு வாங்கியிருக்கீங்க, முதலாளி, இங்க நிக்கிற நூத்துப் பன்னெண்டு பேரோட செட்டில்மெண்ட், உங்களோடதையும் சேத்து, நீங்கதான் பாக்கி.”