ஏழாம் எண் காற்றாலையும் எதிர்ப்புக் குழுத் தலைவரும்

மதிப்பிற்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் எழுதுவது. நீங்களும் என் மகளும் சௌக்கியமாக இருக்க வேண்டும். இங்கே உங்கள் அத்தை சௌக்கியம். எனக்குத்தான் மனசு சரியில்லை, அதற்குக் காரணம் நீங்கள். மாப்பிள்ளை என்பதால் மரியாதையாக எழுதுகிறேன்; வேறு ஆளாக இருந்தால் இந்தக் கடிதமே வேறு மாதிரி இருக்கும்.

பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்ற பிறகு என்னை யாரும் எதற்கும் கூப்பிட்டதில்லை. உங்கள் கம்பெனி எங்கள் மலைமேல் பன்னிரண்டு காற்றாலை நடப் போகிறது என்று தெரிந்த பிறகுதான் தெருவே திரண்டு வந்து என்னை எதிர்ப்புக் குழுத் தலைவர் ஆக்கியது. "மாப்பிள்ளை கம்பெனியை எதிர்க்க மாமனாரை விட்டா யாரு?" என்றார் தையல்காரர். வாரம் ஒரு கூட்டம், எனக்கென்று கைவைத்த நாற்காலி, முன்னால் ஒரு மைக். ராஜ வாழ்க்கை மாப்பிள்ளை! அதில் மண்ணைப் போடுவதற்கென்றே, மக்கள் கருத்தைக் கேட்கிறோம் என்று சொல்லி அந்தச் செயலியை எல்லார் போனுக்கும் அனுப்பினீர்கள்.

போனை மலைப்பக்கம் தூக்கிப் பிடித்தால், இன்னும் நடாத காற்றாலை நட்டது போலவே திரையில் சுற்றுகிறது. முதலில் கவிழ்ந்தவர் முடிவெட்டுகிறவர். சத்தத்துக்குப் பயந்து குழுவில் சேர்ந்த மனுஷன், காற்றாலைச் சத்தம் எப்படி இருக்கும் என்று செயலியில் போட்டுப் பார்த்திருக்கிறார். கடை மின்விசிறி போட்ட சத்தத்தில் ஒன்றுமே கேட்கவில்லை. உடனே மின்விசிறியைப் பழுது பார்த்துவிட்டு, "கம்பெனிக்காரங்க தங்கமானவங்க, தலைவரே" என்கிறார். சரி, தையல்காரராவது நிற்பார் என்று பார்த்தால், காற்றாலை நிழல் சாயங்காலம் அவர் மொட்டைமாடித் துணிக்கொடிமேல் விழும் என்று செயலி காட்டிவிட்டது. எனக்கு ஒரே கொண்டாட்டம், இனி இவர் விடமாட்டார் என்று! மனுஷன் மறுநாளே கொடியை அவிழ்த்துத் தெருப்பக்கம் கட்டிவிட்டார். "இன்னும் குழியே தோண்டலையேய்யா!" என்று கத்தினேன். "எப்படியும் மாத்தணும், இப்பவே மாத்திட்டா நிம்மதி" என்கிறார். அந்தக் கொடியிலிருந்து சொட்டுகிற தண்ணீர் மருந்துக்கடைக்காரர் ஸ்கூட்டர்மேல் விழ, இரண்டு பேருக்கும் கைகலப்பு வராத குறை. ஆனால் காற்றாலையை ஒரு வார்த்தை சொல்லவில்லை, பாவிகள்!

அந்த மருந்துக்கடைக்காரர் இன்னும் மோசம். யார் வேண்டுமானாலும் காற்றாலையை விரலால் நகர்த்தி யோசனை சொல்லலாம் என்று வைத்தீர்கள் இல்லையா? இவர் மூன்றாம் எண் காற்றாலையைக் கொண்டுபோய், வருஷக்கணக்காகப் பேச்சுவார்த்தை இல்லாத அண்ணன் வீட்டு வாசலில் நிறுத்திவிட்டார். அண்ணன் அதை இவர் வாசலுக்குத் தள்ள, இவர் திருப்பித் தள்ள, கடைசியில் அண்ணனே போன் பண்ணி, "கையை எடுடா" என்றாராம். அன்றிலிருந்து இரண்டு பேரும் தினமும் பேசிக்கொள்கிறார்கள், என் கூட்டத்துக்குத்தான் ஆள் இல்லை.

போகட்டும், உங்கள் அத்தை? அடுப்படி ஜன்னலில் உப்பு ஜாடிமேல் போனைச் சாய்த்து வைத்து ஏழாம் எண்ணையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். கேட்டால், "கல்யாணம் ஆன நாள்லேர்ந்து எதிர்வீட்டுச் சுவரைப் பாத்துத்தான் பாத்திரம் கழுவுறேன். இப்பதான் அதுக்கு மேல ஏதோ ஒண்ணு எனக்குன்னு சுத்துது. அதுவும் உங்களுக்குப் பொறுக்கலையா?" என்கிறாள். எனக்குச் சுருக்கென்றது. ஆனால் தலைவர் என்பவர் அதையெல்லாம் வெளியே காட்டலாமா?

அதனால் இன்று காலை என் போனில் அந்த ஏழாம் எண்ணை விரலால் ஒரே தள்ளாகத் தள்ளி மலைக்கு வெளியே போட்டேன். 'உறுதியா?' என்று கேட்டது. யாரைப் பார்த்துக் கேட்கிறது! 'உறுதி' என்று அழுத்தினேன். பேரையா கேட்கிறது, நான்தான் என்று யாருக்குத் தெரியப் போகிறது? நீங்களும் அதேபோல நிஜத்திலும் ஏழாம் எண்ணை உடனே நீக்க வேண்டும். இல்லையேல் தனி ஆளாகவே போராடுவேன்.

எதிர்ப்பு கம்பெனிக்கு, ஆசீர்வாதம் உங்கள் இருவருக்கும். இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் மாமனார்,
எதிர்ப்புக் குழுவின் தலைவரும் ஒரே உறுப்பினரும்.

பின்குறிப்பு: மேலே எழுதியதைப் படிக்காதது போல இருந்துவிடுங்கள். உறையை ஒட்டுவதற்குள் வாசலில் ஒரே கூச்சல். 'ஊர்மக்களில் ஒருவர் கேட்டுக்கொண்டபடி ஏழாம் எண் நீக்கப்பட்டது' என்று எல்லார் போனுக்கும் வந்துவிட்டதாம்! "நான் கொடியை மாத்திக் கட்டினது எதுக்கு?" என்று தையல்காரர் கத்துகிறார். அண்ணனும் தம்பியும் ஒரே ஸ்கூட்டரில் வந்து இறங்குகிறார்கள். "எவன்யா அந்தப் படுபாவி?" என்று எல்லாரும் என்னையே கேட்க, "கண்டுபிடிக்காம விடமாட்டேன்!" என்று நானும் சொல்லிவிட்டேன். கைதட்டல் அடங்கவே இல்லை. இப்போது நான் ஏழாம் எண் மீட்புக் குழுத் தலைவர். நாற்காலி திரும்பி வந்துவிட்டது, மைக்கும் வந்துவிட்டது. ஆகவே ஏழாம் எண்ணைத் திருப்பிக் கொடுங்கள், ஆனால் கேட்டவுடனே கொடுத்துவிடாதீர்கள், ஒரு மாதமாவது இழுத்தடியுங்கள் என்றுதான் எழுத வந்தேன். அதற்குள் உங்கள் அத்தை என் போனை எடுத்துப் பார்த்துவிட்டாள். யாரிடமும் சொல்ல மாட்டாளாம். ஏழாம் எண் திரும்பி வருகிற வரைக்கும் பாத்திரம் மட்டும் நான்தான் கழுவ வேண்டுமாம். இன்று கழுவினேன். அந்தச் சுவர் இவ்வளவு அசிங்கமாக இருக்கும் என்று எனக்கு இத்தனை நாள் தெரியாது. நாளைக்கே கொடுத்துவிடுங்கள், மாப்பிள்ளை.